தலைக்கு விலை வைத்து ஒரு சீட்டாட்டம்: பவுண்டி போக்கரின் கடைசிக் கட்டக் கணக்கு என்ன?

2022 கோடையில் லாஸ் வேகாஸில் நடந்த வேர்ல்ட் சீரிஸ் ஆஃப் போக்கர் தொடரில் ‘மில்லியன் டாலர் பவுண்டி’ என்ற பெயரில் ஒரு போட்டி. நுழைவுக் கட்டணம் 1,000 டாலர். 14 ஆயிரத்துக்கும் அதிகமான என்ட்ரிகள். எல்லோரையும் வீழ்த்தி முதலிடம் பிடித்த குவின்சி போர்லண்டுக்குக் கிடைத்த முதல் பரிசு 7,50,120 டாலர்.

ஆனால் அந்தப் போட்டியின் மிகப் பெரிய ஒற்றைப் பரிசு அதுவல்ல. அமெரிக்கத் தொழில்முறை ஆட்டக்காரர் மேட் கிளான்ட்ஸ், எதிராளி ஒருவரை ஆட்டத்திலிருந்து வெளியேற்றியதற்காக, மறைத்து வைக்கப்பட்டிருந்த பரிசுகளில் ஒன்றை எடுத்தார். உள்ளே இருந்தது 10 லட்சம் டாலர். போட்டியை அவர் ஜெயிக்கவில்லை. ஜெயித்தவரைவிடப் பெரிய பரிசு அவருக்குப் போனது.

கேட்பதற்கு லாட்டரி மாதிரி இருக்கலாம். அதில் லாட்டரியும் கொஞ்சம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் இந்த வகைப் போட்டிகளின் கடைசிக் கட்டத்தில் எந்தச் சீட்டை ஆடுவது, எதைத் தூக்கிப் போடுவது என்ற முடிவுகளுக்குப் பின்னால் ஒரு கறாரான கணக்கு இருக்கிறது. வழக்கமான போக்கரில் ‘பைத்தியக்காரத்தனம்’ என்று சொல்லப்படும் ஒரு கால், இங்கே மிகச் சரியான முடிவாக இருக்கும். அடுத்த மேசையில் அதே கால் ஆளையே காலி செய்துவிடும்.

பவுண்டி என்றால்?

தலைக்கு விலை. வீரப்பன் காலத்துச் செய்திகளில் அடிபட்ட அதே சமாச்சாரம்தான். இங்கே ஒவ்வொரு ஆட்டக்காரரின் தலைக்கும் ஒரு தொகை இருக்கும். அவருடைய கடைசி சிப் வரை பிடுங்கி வெளியே அனுப்புபவருக்கு அந்தத் தொகை.

இதில் மூன்று ரகம் உண்டு. எல்லோர் தலைக்கும் கடைசிவரை ஒரே விலை என்பது பழைய நாக்-அவுட் முறை. இரண்டாவது, ஆன்லைனில் பிரபலமான ‘புரோகிரசிவ் நாக்-அவுட்’, சுருக்கமாக பிகேஓ. மூன்றாவது, கிளான்ட்ஸுக்கு அடித்த ‘மிஸ்டரி பவுண்டி’. இதில் தலைக்கு என்ன விலை என்பது உறையைப் பிரிக்கும்வரை யாருக்கும் தெரியாது.

கணக்கு சுவாரஸ்யமாவது பிகேஓவில்தான். 100 டாலர் போட்டி என்று வைத்துக்கொள்வோம் (நடத்துபவர்களின் கமிஷன் தனி). 50 டாலர் பொதுப் பரிசுத் தொகைக்குப் போகும். மீதி 50 டாலர் உங்கள் தலை மீது. நீங்கள் ஒருவரை வெளியேற்றினால் அவர் தலையிலிருக்கும் 50 டாலரில் பாதி, அதாவது 25 டாலர், உடனே உங்கள் கைக்கு வரும். மீதி 25 டாலர் உங்கள் தலை மீது ஏறும். இப்போது உங்கள் தலையின் விலை 75. அடுத்தடுத்து ஆட்களை வெளியேற்றினால் 100, 150, 300 என்று ஏறிக்கொண்டே போகும். ஆக, நன்றாக ஆட ஆட மற்றவர்கள் எல்லோரும் உங்களையே குறி வைப்பார்கள்.

கடைசிவரை தாக்குப்பிடித்துப் போட்டியை வெல்பவருக்குத் தன் தலையின் விலையும் சேர்த்தே கிடைக்கும். இந்த ஒரு விதி ஏன் முக்கியம் என்பது கடைசியில் புரியும்.

42 சதவீதம் எப்படி 34 ஆகிறது?

போக்கரில் ஒரு கால் சரியா தவறா என்பதைத் தீர்மானிப்பது எளிய ஒரு வகுத்தல் கணக்கு. போட வேண்டிய தொகையை, கால் செய்த பிறகு நடுவில் இருக்கப்போகும் மொத்தத் தொகையால் வகுக்க வேண்டும். வரும் விடைதான் உங்களுக்குத் தேவையான குறைந்தபட்ச வெற்றி வாய்ப்பு.

ஓர் உதாரணம். போட்டி பாதிக்கு மேல் போய்விட்டது. பிளைண்ட் 5,000/10,000. அதற்கு மேல் 10,000 ஆன்ட்டி. நீங்கள் பிக் பிளைண்டில் உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்களிடம் நிறைய சிப்ஸ் இருக்கிறது. 1,00,000 சிப்ஸ் வைத்திருக்கும் ஒருவர் மொத்தத்தையும் தள்ளி ஆல்-இன் போகிறார். மற்றவர்கள் எல்லோரும் ஃபோல்ட்.

நடுவில் இப்போது இருப்பது 1,25,000. நீங்கள் இன்னும் போட வேண்டியது 90,000. மொத்தம் 2,15,000. 90-ஐ 215-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 42 சதவீதம். சாதாரணப் போட்டியில் அந்த அளவுக்கு வெற்றி வாய்ப்பு இல்லாத சீட்டைத் தூக்கிப் போட்டுவிட வேண்டியதுதான்.

இது பவுண்டி போட்டி என்றால்? எதிராளியின் தலை விலையை சிப்ஸாக மாற்றிப் பார்க்க வேண்டும். தொடக்கத்தில் பரிசுத் தொகைக்குப் போன 50 டாலருக்கு உங்களுக்குக் கொடுக்கப்பட்டது 10,000 சிப்ஸ் என்று கொள்வோம். அப்படியானால் 25 டாலர் ரொக்கம் 5,000 சிப்ஸுக்குச் சமம்.

ஆல்-இன் போனவர் இதுவரை யாரையும் வெளியேற்றாதவர், தலை விலை அதே 50 டாலர் என்றால், உங்கள் கைக்கு வருவது 25 டாலர், அதாவது 5,000 சிப்ஸ். 90-ஐ 220-ஆல் வகுக்கலாம். 41 சதவீதம். பெரிய மாற்றம் ஒன்றுமில்லை.

அவர் பலரைச் சாய்த்துவிட்டு வந்தவர், தலை விலை 500 டாலர் என்றால் கதையே வேறு. கைக்கு வருவது 250 டாலர். சிப்ஸ் கணக்கில் 50,000. இப்போது 90-ஐ 265-ஆல் வகுத்தால் 34 சதவீதம்தான்.

அதே பிளைண்ட், அதே ஆல்-இன், உங்கள் கையில் அதே சீட்டு. மாறியது எதிரே இருப்பவரின் பெயருக்குக் கீழே உள்ள எண் மட்டும். பத்து பிளைண்டுடன் தள்ளுபவர் பல வகைச் சீட்டுகளுடன் தள்ளுவார். அவற்றுக்கு எதிராக ஒரே சின்னத்தில் 9-8 மாதிரியான சீட்டு 42 சதவீதத்தைத் தொடாது, ஆனால் 34-ஐத் தாராளமாகத் தாண்டிவிடும். போக்கரில் மட்டமான கை என்று பெயரெடுத்த 7-2 கூட, ஏஸ்-கிங்குக்கு எதிராக மூன்றில் ஒரு முறை ஜெயிக்கும். (உடனே 7-2-வை வைத்துக்கொண்டு கால் செய்யக் கிளம்ப வேண்டாம். எதிராளியிடம் ஜோடி ஏஸ் இருந்தால் அந்த வாய்ப்பு சுமார் 12 சதவீதமாகச் சரிந்துவிடும்.)

இங்கே பலர் கவனிக்காத ஒரு விஷயம்: பிளைண்ட் ஏற ஏற, டாலரில் பெரிதாகத் தெரியும் பவுண்டி சிப்ஸ் கணக்கில் சுருங்கிவிடும். தொடக்கத்தில் பிளைண்ட் 100 ஆக இருந்தபோது 5,000 சிப்ஸ் என்பது 50 பிளைண்ட். இப்போது அது அரை பிளைண்ட். அதனால் ‘பவுண்டி போட்டிதானே, எல்லோரையும் கால் செய்யலாம்’ என்ற மனநிலை கடைசிக் கட்டத்தில் செல்லுபடியாகாது. வளர்ந்த தலைகள் எவை, வளராத தலைகள் எவை என்று பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும்.

முதல் கேள்வி: யாரிடம் அதிக சிப்ஸ்?

மேலே சொன்ன கணக்கு எல்லாமே ஒரு நிபந்தனையில்தான் நிற்கிறது. எதிராளியைவிட உங்களிடம் அதிக சிப்ஸ் இருக்க வேண்டும், குறைந்தபட்சம் சமமாகவாவது இருக்க வேண்டும். ஒரே ஒரு சிப் குறைந்தாலும் அவர் தோற்ற பிறகும் மேசையில் இருப்பார். வெளியேற்றினால்தானே பவுண்டி? அந்தக் கையை நீங்கள் ஜெயித்தும் தலை விலை கிடைக்காது.

இதனால் பவுண்டி போட்டியில் சிப்ஸுக்கு இரட்டை மதிப்பு. அதிக சிப்ஸ் வைத்திருப்பவர் மேசையில் இருக்கும் எல்லாத் தலைகளையும் வேட்டையாடலாம். குறைவாக வைத்திருப்பவரால் யாரையும் வேட்டையாட முடியாது. அவர் வெறும் இரை.

கடைசிக் கட்டத்தில் நல்ல ஆட்டக்காரர்கள் சீட்டைப் பார்ப்பதற்கு முன்பே மேசையைச் சுற்றி ஒரு பார்வை விடுவது இதற்காகத்தான். யார் என்னைவிடப் பெரியவர், யார் சிறியவர், சிறியவர்களில் யார் தலை கனமானது? ஒரே சீட்டை வைத்துக்கொண்டு இடது பக்கத்து ஆளை கால் செய்வார்கள், வலது பக்கத்து ஆளுக்கு ஃபோல்ட் செய்வார்கள். பார்ப்பவர்களுக்கு முரணாகத் தெரியும். காரணம் சிப்ஸ் அடுக்கில் இருக்கும்.

உங்கள் தலை விலை ஏறிவிட்டால் இன்னொரு விளைவும் உண்டு. உங்கள் பிளஃப் வேலை செய்யாது. சாதாரணப் போட்டியில் நீங்கள் ஆல்-இன் போனால் பயந்து ஃபோல்ட் செய்யும் ஆள், இங்கே ‘போனால் போகட்டும், 500 டாலர் தலை’ என்று சுமாரான சீட்டோடு கால் செய்வார். அதற்குப் பதில், சும்மா மிரட்டுவதற்காகத் தள்ளுவதைக் குறைத்து நல்ல சீட்டுக்குக் காத்திருப்பது. கால் நிச்சயம் வரும் என்று தெரிந்தால் நல்ல சீட்டுக்குக் கிடைக்கும் லாபமும் அதிகம்தானே.

சின்ன ஸ்டாக் ஒருவர் ஆல்-இன் போகும்போது, அவரைவிடப் பெரிய இரண்டு பேர் அந்தத் தலைக்கு ஆசைப்பட்டால்? அங்கே முதலாமவர் வெறுமனே கால் செய்யாமல் தானும் ஆல்-இன் தள்ளுவதைப் பார்க்கலாம். மூன்றாமவரைத் துரத்திவிட்டு, சின்ன ஸ்டாக்குடன் ஒற்றைக்கு ஒற்றையாக மோதுவதற்கு. பவுண்டிக்குப் போட்டியாளர் இல்லாமல் பார்த்துக்கொள்ளும் உத்தி இது.

பிரேக் போடும் ஐசிஎம்

இதுவரை பவுண்டி ‘கால் செய், கால் செய்’ என்று தள்ளியது. ஃபைனல் டேபிள் நெருங்கும்போது எதிர்த்திசையில் இழுக்கும் ஒன்று வந்து சேரும். அதுதான் ஐசிஎம்.

சிம்பிளாகச் சொன்னால், போட்டியில் சிப்ஸ் இரண்டு மடங்கு ஆனால் பணம் இரண்டு மடங்கு ஆகாது. இரண்டாம், மூன்றாம் இடங்களுக்கும் பரிசு இருப்பதால், புதிதாக ஜெயிக்கும் சிப்ஸின் மதிப்பு கையில் இருக்கும் சிப்ஸின் மதிப்பைவிடக் குறைவு. இந்தக் கணக்கின் அடிப்படை குதிரைப் பந்தயத்திலிருந்து வந்தது. பல குதிரைகள் ஓடும் பந்தயத்தில் இரண்டாவது, மூன்றாவது வரும் வாய்ப்பைக் கணக்கிட டேவிட் ஹார்வில் 1973-ல் ஒரு சூத்திரம் தந்தார். அதே பாணிக் கணக்கை 1987-ல் மேசன் மால்முத் போக்கருக்குப் பயன்படுத்தினார்.

மூன்று பேர் மிச்சம். மூவரிடமும் சம அளவு சிப்ஸ். பரிசுகள் 50,000, 30,000, 20,000 டாலர். இந்த நிமிடம் ஒவ்வொருவரின் இருக்கையும் சராசரியாக 33,333 டாலர் பெறும்.

இருவர் மோதினால் ஒருவர் 20,000-ஐ வாங்கிக்கொண்டு வெளியேறுவார். அவருக்கு நஷ்டம் 13,333. ஜெயித்தவரிடம் மூன்றில் இரண்டு பங்கு சிப்ஸ். அவர் முதலிடம் பிடிக்க மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு, இரண்டாமிடத்துக்கு மூன்றில் ஒன்று. மதிப்பு 43,333. லாபம் வெறும் 10,000.

13,333-ஐப் பணயம் வைத்து 10,000-க்கு ஆசைப்படும் சூதாட்டம் இது. அதற்கு 57 சதவீத வெற்றி வாய்ப்பு தேவை. பாதிக்குப் பாதி என்றால் விட்டுவிடுவதே புத்திசாலித்தனம்.

இப்போது எதிராளியின் தலை மீது 8,000 டாலர் இருப்பதாக வையுங்கள். கைக்கு வரும் ரொக்கம் 4,000. லாபம் 14,000 ஆகிவிட்டது. தேவையான வாய்ப்பு 57-லிருந்து 49 சதவீதத்துக்கும் கீழே இறங்குகிறது. ஃபோல்ட் செய்திருக்க வேண்டிய சீட்டு கால் ஆகிவிட்டது. (தோற்றால் தன் தலை விலையும் போகும், ஜெயித்தால் அது ஏறும் என்பதை இங்கே சேர்க்கவில்லை. அதையும் சேர்த்துக் கணக்கிடத் தனி மென்பொருட்கள் இருக்கின்றன. ஆடும்போது அவற்றைத் திறந்து வைத்துக்கொள்ள அனுமதியில்லை. ஆட்டம் முடிந்த பிறகு உட்கார்ந்து படிப்பதற்குத்தான்.)

பாவப்பட்ட இடம் நடுத்தர ஸ்டாக்குடையது. அவரைவிடப் பெரியவர் ஆல்-இன் தள்ளும்போது அவருக்கு எதிராக இரண்டு கணக்கும் சேர்ந்துகொள்ளும். தோற்றால் வெளியே போக வேண்டும், ஆகவே ஐசிஎம் ‘வேண்டாம்’ என்கிறது. ஜெயித்தாலும் பவுண்டி இல்லை, ஏனென்றால் எதிராளியை வெளியேற்ற முடியாது. தள்ளிய பெரிய ஸ்டாக்குக்கோ ஜெயித்தால் பவுண்டி, தோற்றால் அடிபட்டாலும் உயிர் இருக்கும். ஃபைனல் டேபிளில் பெரிய ஸ்டாக் ஆட்டம் போடுவதும், நடுவில் இருப்பவர்கள் பம்மிக் கிடப்பதும் பயத்தால் மட்டும் நடப்பதல்ல.

பரிசு வட்டத்துக்குள் நுழையும் வாசலான ‘பபுள்’ மட்டும் இங்கே கொஞ்சம் சாது. நுழைவுப் பணத்தில் பாதி பவுண்டிக்குப் போய்விட்டதால், கடைசிப் பரிசு ரொம்பச் சின்னது. அதற்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதில் பெரிய அர்த்தமில்லை.

உறைக்குள் என்ன?

மிஸ்டரி பவுண்டியில் கணக்கு வேறு மாதிரி. யார் தலைக்கு எவ்வளவு என்பது தெரியாது. தெரிவது, இன்னும் எத்தனை உறைகள், எந்தெந்தத் தொகைகள் மிச்சம் என்பது மட்டும். பல போட்டிகளில் இந்த வேட்டை முதல் நாள் முடிந்து, ஆட்கள் குறைந்த பிறகுதான் தொடங்கும்.

ஒரு மாதிரிக் கணக்கு. 100 உறைகள். ஒன்றில் 1,00,000 டாலர், ஒன்பதில் தலா 10,000, மீதி தொண்ணூறில் தலா 1,000. சராசரி 2,800 டாலர். முதல் ஆளே அந்தப் பெரிய உறையைத் தூக்கிவிட்டால் சராசரி சுமார் 1,818 டாலராகக் குறையும். அதே மேசையில், அதே ஆட்களுக்கு எதிராக, அடுத்த கையிலிருந்து எல்லோரும் ஒரு சுற்று நிதானமாக வேண்டும். கைதட்டல் சத்தத்தில் பலர் அதை மறந்துவிடுவார்கள்.

தலைகீழாக யோசித்துப் பாருங்கள். 90 உறைகள் போயாகிவிட்டன, பெரியது இன்னும் வரவில்லை, மீதி ஒன்பதும் ஆயிரம் டாலர் உறைகள். சராசரி 10,900 டாலர். ஒவ்வொரு ஆள் வெளியேறும்போதும் அது ஏறும். ஃபைனல் டேபிள் நெருங்கும் நேரத்தில் ஐசிஎம் ‘பொறு’ என்று சொல்லும். பெட்டிக்குள் இருக்கும் அந்த ஒற்றை உறை ‘மோது’ என்று சொல்லும். பத்தில் ஒன்பது முறை கிடைக்கப்போவது ஆயிரம் டாலர்தான் என்று தெரிந்தும் மோதுவதுதான் கணக்குப்படி சரி என்பது, மனதுக்கு அவ்வளவு எளிதில் ஒப்பாத விஷயம்.

இந்தியாவில் ஆடலாமா?

பணம் கட்டி ஆன்லைனில் ஆட வழியில்லை. போக்கரையும் ரம்மியையும் தடை செய்து தமிழ்நாடு கொண்டுவந்த 2022-ம் ஆண்டுச் சட்டத்தில், அந்த இரண்டும் திறன் சார்ந்த விளையாட்டுகள் என்று கூறி, அவற்றைச் சேர்த்திருந்த பட்டியலை 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. ஆனால் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் கேமிங் சட்டம், திறனா அதிர்ஷ்டமா என்ற கேள்விக்கே போகவில்லை. பணம் கட்டி ஆடும் எல்லா ஆன்லைன் விளையாட்டுகளையும் அது தடை செய்கிறது. நடத்துபவர்களுக்கு 3 ஆண்டுகள் வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். ஆடுபவர்களுக்குத் தண்டனை இல்லை. முன்னணித் தளங்கள் உடனே பண ஆட்டங்களை நிறுத்தின. சட்டத்தை எதிர்த்து வழக்குகளும் தொடரப்பட்டுள்ளன.

கடைசி இருவர்

எல்லாக் கணக்கும் போட்டு, ஃபைனல் டேபிளில் ஏழு பேரைத் தாண்டி, இரண்டே பேர் மிச்சம் என்ற நிலைக்கு வந்தாயிற்று. ஒருவர் தலை மீது 6,000 டாலர், இன்னொருவர் தலை மீது 4,000. இவ்வளவு நேரம் பவுண்டிக்காகத் தாராளமாக கால் செய்துகொண்டிருந்தவர் அதையே தொடர்வார். பலர் சறுக்குவது இங்கேதான்.

வெல்பவருக்குத் தன் தலை விலையும் கிடைக்கும் என்ற விதி ஞாபகமிருக்கிறதா? இரண்டு பேர் மட்டும் இருக்கும்போது, யார் ஜெயித்தாலும் 10,000 டாலரும் முழுசாக அவருக்கே. யார் தலை கனம், யார் தலை லேசு என்பதற்கு இனி அர்த்தமில்லை. முதல் பரிசு 50,000, இரண்டாம் பரிசு 30,000 என்றால், இருவரும் ஆடுவது 20,000-க்கு அல்ல, 30,000-க்கு. அவ்வளவுதான் வித்தியாசம். இரண்டாமிடத்துக்கான பணம் இருவருக்கும் உறுதியாகிவிட்டதால் ஐசிஎம்மும் விலகிவிடுகிறது. ஒரு கையில் பவுண்டி ‘வெளியேற்றினால் கூடுதலாக’ வருவதாகத் திரையில் தெரிந்தாலும், அது முதல் பரிசின் ஒரு பகுதியே தவிர, 42-ஐ 34 ஆக்கும் சலுகை அல்ல. தேவையான சதவீதம் மீண்டும் பவுண்டி இல்லாத கணக்குக்கே திரும்பிவிட்டது. அரை மணி நேரத்துக்கு முன்பு பவுண்டியால் மட்டுமே சரியான காலாக இருந்த சீட்டு, இப்போது ஃபோல்ட் ஆகிவிடலாம்.